ஆக்னஸ் வைத்த கொசு

சாக்பீஸை என் பக்கம் நகர்த்தியபோது ஆக்னஸ் தன் வரியை எழுதி முடித்துவிட்டிருந்தாளா, இல்லையா?

பதினைந்து வருடமாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. மாதக்கணக்கில் காணாமல் போகும். பிறகு ஏதாவது ஒரு வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். போன வெள்ளிக்கிழமை ஸ்ட்ராபெரி வாசனையோடு வந்தது.

அது என் மகள் மதுவின் ரப்பர் வாசனை. மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளியிலிருந்து வந்ததும் அவள் பையைத் தினமும் பிரித்துப் பார்ப்பேன். என் கணவர் இதை ஏர்போர்ட் செக்கிங் என்பார். டிபன் டப்பாவை முகர்ந்து, சாப்பிட்டாளா, யாருக்காவது கொடுத்துவிட்டாளா என்று கண்டுபிடிக்கப் பார்ப்பேன். பென்சில் புதிதாக இருந்தால் யாருடையது என்று கேட்பேன். பழையதாக இருந்தால் புதியது எங்கே என்று கேட்பேன். ஈஜிபுராவில் எங்கள் தெருவில் மற்ற அம்மாக்கள் இவ்வளவு பார்ப்பதாகத் தெரியவில்லை. அவர்கள் சரியா, நான் சரியா என்பது எனக்கு இன்னொரு கவலை.

வெள்ளிக்கிழமை பையில் ஆங்கில இலக்கணத் தாள் ஒன்று இருந்தது. எந்தப் பொருள் யாருடையது என்று எழுத வேண்டும். ஒருவருடையதா, பலருடையதா. மூன்று இடத்தில் சிவப்பு வட்டம். டைரியில் டீச்சர் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். இதே மூன்று தவறுகள் பக்கத்தில் உட்காரும் சஹானாவின் தாளிலும் இருக்கின்றன. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று குழந்தையிடம் விசாரித்து, தசரா விடுமுறை முடிந்து வரும்போது எழுதி அனுப்பவும். கீழே இரண்டு வரி இடம் விட்டிருந்தார்.

முதலில் எனக்கு ரோஷம்தான் வந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இதே மாதிரிப் பத்து வாக்கியங்கள் கொடுத்தேன். பத்தும் சரியாகச் செய்தாள். பிறகு எப்படி மூன்று தவறு? தாளை மூக்கருகே கொண்டுபோனேன். ஸ்ட்ராபெரி. அழித்திருக்கிறாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், அழித்த இடத்துக்கு அடியில் பென்சிலின் பழைய தடம் தெரிந்தது. மூன்று இடத்திலும் முதலில் எழுதியது சரி. சரியை அழித்துவிட்டுத் தப்பை எழுதியிருக்கிறாள்.

கூப்பிட்டுக் கேட்டேன். நான் முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது.

"நான்தான்மா சஹானாவப் பாத்து மாத்துனேன்."

"ஏன்டா?"

"சும்னே."

சும்னே என்பது கன்னடம். நம் சும்மாவின் அக்கா பெண் மாதிரி. காரணம் ஒன்றும் இல்லை என்றும் அர்த்தம், பேசாமல் இரு என்றும் அர்த்தம். பெங்களூர்த் தமிழ்க் குழந்தைகள் வாயில் இரண்டும் கலந்து வரும். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் இதே தவறு விஷயத்தில், இதே வார்த்தையை, இதே வேகத்தில் நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

அப்போது நாங்கள் ஜோகுபாளையத்தில் இருந்தோம். ஒரே முற்றத்தைச் சுற்றி ஏழு சின்ன வீடுகள், ஒரு குழாய். வட்டாரா என்பார்கள். மூன்றாவது வீடு எங்களுடையது. ஆறாவது வீட்டில் ஆக்னஸும் அவள் அம்மா மேரியம்மாவும். ஆக்னஸின் அப்பா அவள் பிறந்த வருடமே இறந்துவிட்டார். மேரியம்மா ஒரு கார்மென்ட்ஸில் காலர் தைத்துக்கொண்டிருந்தார். சர்ச்சில் சொல்லி, பாதிரியார் சிபாரிசில் ஆக்னஸுக்கு எங்கள் பள்ளியில் கட்டணச் சலுகையோடு இடம் கிடைத்திருந்தது. ஒழுங்கும் வருகையும் சரியாக இருந்தால்தான் அடுத்த வருடம் அது நீளும். அந்த நிபந்தனை எங்கள் வட்டாராவில் எல்லோருக்கும் தெரியும். காய்ச்சல் வந்தாலும் ஆக்னஸை மேரியம்மா பள்ளிக்கு அனுப்பிவிடுவார்.

ஒன்பதாம் வகுப்பில் நானும் அவளும் ஒரே பெஞ்சு. ஆங்கிலத்துக்கு ரேச்சல் மிஸ். அவர்தான் எங்களுக்கு இந்த 'யாருடையது' பாடத்தை நடத்தினார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு பொருள் இன்னாருடையது என்று காட்ட, பெயருக்குப் பின்னால் எஸ் எழுத்தும் வரிக்கு மேலே தொங்குகிற ஒரு குட்டிக் கமாவும் வேண்டும். ஒரு பெண் என்றால் கமா முன்னால், எஸ் பின்னால். பல பெண்கள் என்றால் எஸ் முன்னாலேயே வந்துவிடும், கமா கடைசியில் போய் உட்காரும். காதுக்கு இரண்டும் ஒன்றேதான். கண்ணுக்கு மட்டும்தான் வித்தியாசம். காதுக்குக் கேட்காத வித்தியாசத்தின் மேல் எனக்கு அன்றும் நம்பிக்கை இல்லை. நம் பேச்சில் ஆக்னஸோட அம்மா என்றால் முடிந்தது. ஆக்னஸ் அம்மா என்றால்கூட முடிந்தது.

அந்தக் கமாவுக்கு ஆக்னஸ் வைத்த பெயர் கொசு. "பாரேன், வந்து எப்படி குந்திக்கினு கீது" என்றாள். அதற்குப் பிறகு என் கண்ணுக்கும் அது கொசுவாகத்தான் தெரிந்தது. அல்சூர்ப் பக்கம் ஒரு தையல்கடைப் பலகையில் பெண்களுக்கான தையற்காரர் என்று எழுதவந்தவர் கொசுவை எஸ்ஸுக்கு முன்னால் வைத்து, ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டிருந்தார். ஆக்னஸ் தினமும் அங்கே நின்று அண்ணாந்து பார்ப்பாள். "ஒருத்திக்குத்தான் தைப்பானாம்டி. யார் அந்த மகராசி?" உள்ளே உட்கார்ந்திருந்த தையற்காரர் நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று சந்தேகத்தோடு எட்டிப் பார்ப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் வீடும் ரேச்சல் மிஸ்ஸும் ஒத்துப்போகவில்லை. ஆக்னஸ், ஜேம்ஸ், தாமஸ் மாதிரி எஸ்ஸில் முடிகிற பெயர் வந்தால் என்ன செய்வது? எஸ்தான் ஏற்கெனவே இருக்கிறதே, கொசு மட்டும் போதும் என்றார் மிஸ். அப்பா அரசு அலுவலகத்தில் குமாஸ்தா, நாள் முழுக்க இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறவர். அவர் சொன்னது வேறு. "ஆள் ஒருத்தர்தானே? அப்போ கமா போட்டு எஸ் போடு. பேரு எதுல முடிஞ்சா நமக்கென்ன?" நான் வகுப்பில் மிஸ் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். கை மட்டும் அப்பா சொன்னதையே எழுதியது. நான் எழுதுவதைப் பார்த்து எழுதிப் பழகிய ஆக்னஸின் கையும் அப்படியே.

மற்றவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் வேலை என்னிடம் எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும். அந்த டிசம்பரில் காவிரித் தண்ணீருக்காக ஊர் கொதித்தது. பள்ளிகள் மூடிக் கிடந்தன. அக்கம்பக்கத்தில் பலர் பிள்ளைகளை ஓசூருக்கும் வேலூருக்கும் அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் ஏறினால் தமிழில் வாய் திறக்கக் கூடாது என்று அம்மா எனக்கு அடித்துச் சொல்லியிருந்தாள். நாக்கு நுனிவரை வந்த சும்மாவை சும்னே என்று மாற்றிக்கொள்ள நாங்கள் பழகியது அந்த நாட்களில்தான். யார் யாரை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனிக்கும் பழக்கமும் எனக்கு அப்போது வந்ததாக இருக்கலாம். அல்லது பிறவியிலேயே இருந்து, ஒரு சாக்குக் கிடைத்திருக்கலாம்.

பள்ளி திறந்ததும் தாமதமாக வந்த பெண்கள் எல்லோரும் லீவ் லெட்டர் கொடுக்க வேண்டியிருந்தது. வட்டாராவில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த அம்மாக்கள் இல்லை. நான் எழுதினேன். அம்மாக்கள் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார்கள். அப்பாவுடைய சாய்ந்த எழுத்தைப் பார்த்துப் பழகியிருந்ததால் பெரியவர்கள் எழுதியது போலவே இருக்கும். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. ரேச்சல் மிஸ் கடிதங்களை அடுக்கிவைத்துப் படித்துவிட்டு, "உங்க எல்லார்க்கும் ஒரே அம்மாவா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. இனிமேல் பெற்றோர் தங்கள் கையாலேயே எழுத வேண்டும், இல்லாவிட்டால் நேரில் வர வேண்டும் என்று சட்டம் போட்டார்.

ஜனவரி கடைசியில் மேரியம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். ஆக்னஸ் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. கஞ்சி வைத்து அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்வந்தாள். நான்காம் நாள் சாயங்காலம் குழாயடியில் என்னைப் பிடித்தாள்.

"நாளைக்கு நான் போயே ஆவணும். லெட்டர் எழுதிக் குடுடி. சைனும் நீயே போட்டுடு. அம்மாவால உக்காரவே முடியல."

அப்பாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் பள்ளிக்கே வந்து பேசியிருப்பார். பேசினால் டிசம்பர்க் கடிதங்கள் வெளியே வந்திருக்கும். என் கிளாஸ் லீடர் பேட்ஜ் போயிருக்கும். அதனால் கேட்கவில்லை. என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதி, மேரி என்று ஆங்கிலத்தில் சாய்வாகக் கையெழுத்தும் போட்டேன். கடிதத்தில் இருந்ததெல்லாம் உண்மை, கையெழுத்து ஒன்றைத் தவிர.

மறுநாள் ஆங்கில வகுப்பு. மிஸ்ஸின் மேசையில் அந்தத் தாள் பாதி மடித்து வைத்திருந்தது. நடுவில் ஒரு சிவப்பு வட்டம். தூரத்திலிருந்து வார்த்தை தெரியாது. இடம் தெரியும். ஆக்னஸின் பெயர் வருகிற இடம். அவள் பெயருக்குப் பின்னால் கொசுவையும், அப்பா சொன்ன இன்னொரு எஸ்ஸையும் நான் வைத்திருந்தேன். எழுத்தை மாற்றத் தெரிந்த எனக்குக் கொசுவை மாற்றத் தோன்றவில்லை.

மிஸ் எல்லோரையும் ஒரு தாள் எடுக்கச் சொன்னார். ஒரே ஒரு வாக்கியம். ஜேம்ஸின் குடையை யாரோ பெண்களின் அறையில் வைத்துவிட்டார்கள் என்பதை ஆங்கிலத்தில் சொன்னார். எழுதுங்கள், பேச்சு கூடாது.

எங்கள் பள்ளியில் ஜேம்ஸ் என்று யாரும் இல்லை. குடைக்காலமும் இல்லை. லெட்டர் எழுதிய கையைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புரிவதற்கு முன்னால் கை எழுதிவிட்டது. ஜேம்ஸ், கொசு, எஸ். ஒரு நிமிடம் அதையே பார்த்தேன். பிறகு பேனாவை உதறி அந்த எஸ்ஸின் மேல் ஒரு பொட்டு மை விழவைத்தேன். நன்றாக, கொழுக்கட்டை மாதிரி உருண்டையாக விழுந்தது. இப்போது ஜேம்ஸும் கொசுவும் மட்டும்தான் மிச்சம். மிஸ் சொன்ன மாதிரி.

மை பரவத் தொடங்கியபோது என் இடது பக்கத்திலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டு உருண்டு வந்தது. அந்த நாட்களில் சிந்திய மையை சாக்பீஸால்தான் ஒற்றி எடுப்போம். வெள்ளைத் துண்டு மெல்ல நீலமாகும், ஈரமண்ணும் இரும்பும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும். ஆக்னஸ் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. ஒற்றினேன். தாள்களை பெஞ்சு வாரியாக வாங்கிக்கொண்டு போனார் மிஸ்.

அடுத்த நாள் ஆக்னஸை எழுப்பினார்.

"இந்த எக்ஸ்ட்ரா எஸ் யார் சொல்லிக் குடுத்தது?"

"யாருமில்ல மிஸ். சும்னே போட்டேன்."

"லெட்டரும் நீதானே எழுதின?"

"ஆமா மிஸ்."

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கப் போகிறேன், இதோ எழுந்திருக்கப் போகிறேன் என்று பாடம் முடியும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது என்னுடையதில், மைப்பொட்டைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் பாதியில் நின்றிருந்தது. வட்டம் போட ஆரம்பித்து, அடியிலிருந்த அடுத்த தாளைப் பார்த்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்த தாள் ஆக்னஸுடையது.

அந்தப் பாதி வட்டம்தான் என்னைத் தூங்கவிடாத கணக்கு. அவள் முதலிலேயே பழக்கத்தில் எஸ் போட்டு முடித்திருந்தால், எச்சரிக்கக்கூடச் செய்யாமல் நான் மட்டும் தப்பித்துக்கொண்டு அவளை மாட்டவிட்டேன் என்று அர்த்தம். சாக்பீஸைத் தள்ளிய பிறகு எழுதியிருந்தால், எல்லோரும் மிஸ் சொன்ன மாதிரியே எழுதினால் மிஸ்ஸின் கண் என் பொட்டில்தான் நிற்கும் என்று தெரிந்து, தெரிந்தே அந்த எஸ்ஸை வைத்திருக்கிறாள். இதில் எது எனக்கு நல்லது என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து மேரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டோடு பள்ளிக்கு வந்தார். லீவை ஒத்துக்கொண்டார்கள். கள்ளக் கையெழுத்தை ஒத்துக்கொள்ளவில்லை. மார்ச் வரை படிக்கலாம், பத்தாம் வகுப்புக்குச் சலுகை கிடையாது என்றார்கள். மேரியம்மாவின் தங்கை ஆனேக்கலில் இருந்தார். அங்கே போய்விடுவது என்று முடிவாயிற்று.

இதற்கு மேல் நடந்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. டி.சி. கேட்டு எழுத வேண்டிய கடிதத்துக்கும் மேரியம்மா என்னிடம்தான் வந்தார். "எனக்கு இங்கிலீஷ் எங்க தெரியும்? நீதான் எழுதிக் குடுக்கணும்." அவருக்கு ஒன்றும் தெரியாதா, எல்லாம் தெரிந்து கேட்டாரா என்று அந்த முகத்தில் தேடினேன். வலி மட்டும்தான் தெரிந்தது.

எழுத உட்கார்ந்தேன். ஆக்னஸின் டி.சி. என்று எழுத வேண்டிய இடம் வந்தது. மிஸ் சொன்ன மாதிரி எழுதுவதா, அப்பா சொன்ன மாதிரி எழுதுவதா? இரண்டுக்கும் கை வரவில்லை. வாக்கியத்தையே திருப்பிப் போட்டு, 'ஆஃப்' சேர்த்து, கொசுவே வராதபடி எழுதிவிட்டேன். மேரியம்மா தமிழில் எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். ஆக்னஸ் வாங்கிப் படித்துப் பார்த்தாள். சிரித்தாள்.

"ஒரு கொசுகூட இல்லாம எழுதிட்டியேடி."

அவ்வளவுதான் சொன்னாள். கேலியா, மன்னிப்பா, வெறும் இலக்கணமா? சிரித்த முகம் நினைவிருக்கிறது. கண் எப்படி இருந்தது என்று நினைவில்லை. நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

சில வருடம் கழித்து, கல்யாணத்துக்கு முன்னால், அல்சூரில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்தேன். அங்கே புரூஃப் பார்க்க வரும் பெரியவர் ஒருவரிடம், ஏதோ வேலைச் சந்தேகம் போலக் கேட்டேன். எஸ்ஸில் முடிகிற பெயருக்கு எது சரி? அவர் தலையைத் தூக்காமல் சொன்னார். "ரெண்டும் சரிதான்மா. ஒரு பக்கத்துல ஒண்ணையே வெச்சுக்கோ, மாத்தாதே." ரேச்சல் மிஸ்ஸின் பொறியில் மாட்டிய அந்த எஸ் தவறே இல்லை என்று அன்று தெரிந்தது. மாற்றியது மட்டும்தான் தவறு. மாற்றியவள் நான்.

இப்போது அந்த வட்டாரா இல்லை. குழாய் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். தையல்கடை இருந்த இடத்தில் மொபைல் ரீசார்ஜ் கடை; ஒரே ஒரு மகராசிக்கான பலகையை யார் கழற்றிக்கொண்டு போனார்களோ. மையை ஒற்றுகிற சாக்பீஸைச் சொன்னால் மது நம்பமாட்டேன் என்கிறாள். லீவ் லெட்டரே போய்விட்டது. டைரியில் அச்சடித்த சீட்டு இருக்கிறது, காய்ச்சல் என்பதற்கு நேராக டிக் அடித்தால் போதும், யாருக்காகவும் யாரும் எழுத வேண்டியதில்லை. ஒரு கல்யாணத்துக்காக ஆனேக்கல் போனபோது பஸ் ஸ்டாண்டில், ஓசூர் பஸ்ஸுக்கு நின்றவர்கள் முகத்தையெல்லாம் பார்த்தேன். முப்பது வயது ஆக்னஸ் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. என்னைக் கடந்துகூடப் போயிருக்கலாம்.

இப்போது என் பிரச்சினைக்கு வருகிறேன். மது செய்தது நான் செய்தது. சரியாக எழுதியதை அழித்து மாற்றியிருக்கிறாள். சொன்னது ஆக்னஸ் சொன்னது. பழியைத் தானே எடுத்துக்கொண்டு, சும்னே என்கிறாள். என் கையும் ஆக்னஸின் வாயும் ஒரே குழந்தைக்கு வந்திருக்கிறது. பயத்தில் மாற்றினாளா, சஹானா தனியாக மாட்டக் கூடாது என்று மாற்றினாளா, இல்லை உண்மையிலேயே காரணம் எதுவும் இல்லையா? அவள் சொன்னதை அப்படியே டைரியில் எழுதினால் நான் ரேச்சல் மிஸ் ஆகிவிடுவேன். எழுதாமல் விட்டால் அந்தப் பழி சஹானா மேல் போய்விடலாம். அந்தக் குழந்தையின் அம்மாவும் இந்நேரம் எங்கேயோ ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார்.

இன்னொரு முறை மதுவிடம் கேட்கலாமா? கேட்பதற்கு முன்னால் என் மைப்பொட்டைப் பற்றி அவளிடம் சொல்லலாமா? எட்டு வயதுக் குழந்தை தன் அம்மாவின் அந்தப் பொட்டைத் தெரிந்துகொண்டால் அவளுக்கு அது தைரியமா, பாரமா? பள்ளி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. டைரியின் இரண்டு வரியை இப்போதைக்குப் பென்சிலில் எழுதி, என் மகளின் என்று வருகிற இடத்தில் மட்டும் கொசு வைக்காமல் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் நீங்கள் அங்கே என்ன எழுதுவீர்கள் என்று தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.